தீபாவளி என்றொரு தாளம்

தொகுப்பின் முதல் பாட்டு முடிந்து இரண்டாவது தொடங்கியதும், பழகாத காது பிளேயரைத்தான் சந்தேகப்படும். அதே கைதட்டல், அதே இடத்தில் விழும் அதே அடி. குரல் மட்டும் வேறு. மூன்றாவதும் அப்படித்தான் தொடங்கும், நான்காவதும் அப்படித்தான். கடைசிப் பாட்டுவரை தாளம் மாறப்போவதில்லை என்று புரிவதற்குள் பாதிப் பேர் அணைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்பார்கள். அப்படிப் போனவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

லண்டனின் கிரீன்ஸ்லீவ்ஸ் நிறுவனம் 2002-இல் வெளியிட்ட அந்தத் தொகுப்பின் பெயர் ‘திவாலி’. தமிழில் படித்தால் கடன்காரன் ஞாபகம் வரும். ஆனால் அது நம் தீபாவளிதான். அந்த நிறுவனத்தின் தாளத் தொகுப்பு வரிசையில் அதற்கு எண் 27. தலைப்பில் இருப்பது பாடகரின் பெயரல்ல, பாட்டின் பெயருமல்ல. தாளத்தின் பெயர். ஜமைக்காவில் தாளங்களுக்குப் பெயர் உண்டு. வீட்டில் பிள்ளைக்கு வைப்பதுபோல் வைப்பார்கள், அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

ஆங்கிலத்தின் ‘ரிதம்’ ஜமைக்கர்களின் நாக்கில் உருண்டு ‘ரிடிம்’ ஆனது. டிரம்மும் பேஸும் சேர்ந்து போடும் அடித்தளம், அதன்மேல் ஒன்றிரண்டு கீபோர்டு இழைகள், அவ்வளவுதான். நமக்கு இதை ‘மெட்டு’ என்று சொல்லத் தோன்றும். அது தப்பு. காவடிச் சிந்து மெட்டில் நூறு பேர் நூறு பாட்டுக் கட்டலாம். நூறிலும் பாடும் விதம் ஒன்று, சொல்தான் வேறு. ரிடிமில் சொல்லும் வேறு, மெட்டும் வேறு. மெட்டைப் பாடகரே கொண்டுவர வேண்டும். பொதுவாக இருப்பது காலடித் தரை மட்டும். புலவர்களுக்கு ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்ட காலத்தை நினைத்தால் கொஞ்சம் நெருங்கி வரும். ஒரே ஈற்றடியை வைத்து ஒருவர் சிவனைப் பாடுவார். இன்னொருவர் சோறு போடாத சத்திரத்தைத் திட்டுவார். யார் கெட்டிக்காரர் என்பது சபைக்கு உடனே தெரிந்துவிடும்.

ஒரே பின்னணியை இருபது பேருக்குக் கொடுப்பது கற்பனை வறட்சி, காசை மிச்சம் பிடிக்கும் வேலை என்பது டான்ஸ்ஹால் எனப்படும் இந்த ஜமைக்க இசைமீது நெடுநாளாக உள்ள குற்றச்சாட்டு. காசு மிச்சம் என்பது உண்மை. கற்பனை வறட்சி என்பது காது கொடுக்காதவர்களின் பேச்சு.

‘திவாலி’ தாளத்தைச் செய்தவர் ஸ்டீவன் மார்ஸ்டன். இசைக்காரர்கள் வட்டத்தில் ‘லெங்கி’ என்றால்தான் தெரியும். டான்ஸ்ஹாலில் அடி பெரும்பாலும் மின் டிரம்மின் கனத்த குத்தாக விழுவது வழக்கம். லெங்கி முன்னால் நிறுத்தியது கைதட்டலை. நிமிடத்துக்குச் சுமார் 100 அடி. ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை. தட்டல் எதிர்பார்த்த இடத்தில் விழாது. கொஞ்சம் முந்தும், அடுத்ததில் கொஞ்சம் பிந்தும். கூடச் சேர்ந்து தட்டிப் பார்ப்பவர் முதல் இரண்டு சுற்றில் தடுமாறுவார். மூன்றாவது சுற்றில் தோள் தானாக அசையத் தொடங்கும். அடுத்த தெருவில் பெண்கள் கும்மியடிப்பதை இந்தத் தெருவிலிருந்து கேட்பதுபோல், ஆள் தெரியாமல் கைகள் மட்டும் கேட்கும்.

இந்தத் தரையில்தான் சீன் பால் ‘கெட் பிஸி’யைப் பாடினார். கிங்ஸ்டனில் பிறந்தவர், ஜமைக்காவின் வாட்டர் போலோ அணியில் ஆடியவர். அவர் பாட்டு பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே ஓடுகிறது. இரண்டு மூன்று சுரங்களைத் தாண்டி ஏறுவதே இல்லை. தாளம் நெளிகிறது, இவர் நேர்கோட்டில் போகிறார். பாட்டின் இழுப்பு அந்த முரணில்தான் இருக்கிறது. 2003 மே மாதம் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் அது முதலிடம் பிடித்து மூன்று வாரம் அங்கேயே உட்கார்ந்தது.

வெய்ன் வொண்டர் செய்தது நேர் எதிர். அவருடைய ‘நோ லெட்டிங் கோ’ இழைந்து பாடும் காதல் பாட்டு. தாளம் அவசரப்படும், அவர் அவசரப்பட மாட்டார். ஒவ்வொரு சொல்லையும் அடிக்குச் சற்றுப் பிந்தி இறக்கி வைப்பார். சீன் பாலைக் கேட்ட கையோடு இதைக் கேட்டால் பின்னணியை யாரோ வேகம் குறைத்துவிட்டதுபோல் தோன்றும், குறைக்கவில்லை. அதே பட்டியலில் இது 11-ஆம் இடம்வரை ஏறியது. அந்தக் கோடையிலேயே நியூயார்க்கின் ஸ்பானிஷ் ஹார்லம் பகுதியைச் சேர்ந்த லூமிடி என்ற இளம்பெண் அதே தாளத்தில் ‘நெவர் லீவ் யூ’வைப் பாடி மூன்றாம் இடத்தைத் தொட்டார். ஒரே பின்னணி, மூன்று பாட்டு, ஒரே பட்டியல். ஜமைக்காவுக்கு இது அன்றாடம். அமெரிக்க வானொலி நேயருக்குப் புதுசு.

பட்டியலுக்குப் போகாத பாட்டு ஒன்றுதான் இந்தத் தொகுப்பில் அதிகம் பேச வைக்கிறது. பவுன்டி கில்லரின் ‘சஃபரர்’. பிறந்ததிலிருந்து அல்லல்படுகிறவன் ஒருவனின் குரல் அது. கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வரும் குரல். மற்றவர்கள் ஆடக் கூப்பிட்ட அதே கைதட்டல்மீது இவர் வயிற்றுப்பாட்டைச் சொல்கிறார். இப்போது அந்தத் தட்டல் கொண்டாட்டமாகக் கேட்பதில்லை. கதவைத் தட்டுவதுபோல் கேட்கிறது. தாளம் ஓர் இம்மியும் மாறவில்லை. டேனி இங்கிலிஷும் எக் நாக்கும் பாடும் ‘பார்ட்டி டைம்’ அதே தொகுப்பில்தான் இருக்கிறது. பெயரே சொல்லும் அது என்ன பாட்டு என்று. கேளிக்கையும் பஞ்சமும் ஒரே அடியில் நிற்கும் இந்தக் காட்சியைத் தனித்தனிப் பாட்டாகக் கேட்பவர் பார்க்க முடியாது.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பாதி விபத்து, பாதி வறுமை. ஜமைக்காவின் இசை வளர்ந்தது மேடைக் கச்சேரியில் அல்ல, சவுண்ட் சிஸ்டத்தில். நம் ஊர் சவுண்ட் சர்வீஸ்காரரை எடுத்து, குழாய் ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆளுயரப் பெட்டிகளை அடுக்கி, பக்கத்திலேயே ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் விற்க வைத்தால் அதுதான். இசைத்தட்டைப் போடுபவர் அங்கே ‘செலக்டர்’. மைக்கைப் பிடித்துத் தாளத்தோடு வாய் வீச்சு வீசுபவர் ‘டீஜே’. நாம் டிஜே என்று அழைப்பவருக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

1960களின் கடைசியில் ஸ்பானிஷ் டவுனைச் சேர்ந்த ரடி ரெட்வுட் என்ற சவுண்ட் சிஸ்டக்காரருக்கு ட்ரெஷர் ஐல் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு தட்டு வெட்டிக் கொடுத்தார்கள். பாரகான்ஸ் குழுவின் ‘ஆன் தி பீச்’. வெட்டியவர் குரலைச் சேர்க்க மறந்துவிட்டார். ரெட்வுட் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அன்றிரவு முதலில் குரலுள்ள தட்டைப் போட்டு, உடனே குரலில்லாத தட்டைப் போட்டார். கூட்டம் தானே பாடியது. அந்த மறதி ஒரு தொழிலாயிற்று. ஏழங்குலத் தட்டின் மறுபக்கத்தில் குரலை நீக்கிய ‘வெர்ஷன்’ வந்தது. 1970-இல் யூ-ராய் என்ற டீஜே பழைய ட்ரெஷர் ஐல் பின்னணிகள்மீது பேசிப் பாடிய மூன்று தட்டுகள் ஜமைக்கப் பட்டியலின் முதல் மூன்று இடங்களையும் ஒருசேரப் பிடித்தன. 1974-இல் தயாரிப்பாளர் ரூப்பி எட்வர்ட்ஸ் இன்னும் ஒரு படி போனார். ஸ்லிம் ஸ்மித்தும் யூனிக்ஸ் குழுவும் பாடிய ‘மை கான்வர்சேஷன்’ பாட்டின் பின்னணியை மட்டும் வைத்துக்கொண்டு ‘யமஹா ஸ்காங்க்’ என்று ஒரு முழுத் தட்டையே நிரப்பினார். ஒரே ரிடிமில் அமைந்த முதல் ஆல்பம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

வறுமைக் கணக்கு எளிது. தீவின் மக்கள்தொகை முப்பது லட்சத்துக்கும் குறைவு. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை, வாத்தியக்காரர்களுக்குச் சம்பளம். ஒருமுறை வாசித்த பின்னணியில் பத்துப் பேரைப் பாட வைத்தால் பத்துத் தட்டு. எது ஓடுகிறதோ ஓடட்டும். செலக்டருக்கும் இதில் வசதி. ஒரே ரிடிமில் வந்த தட்டுகளை நூல் அறாமல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் போடுவதற்கு அங்கே ‘ஜக்ளிங்’ என்று பெயர். ஆட்டம் நிற்காது, குரல் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். யாராவது அசத்திவிட்டால் கூட்டம் கத்தும். செலக்டர் தட்டைக் கையால் பின்னுக்குச் சுழற்றி முதலிலிருந்து போடுவார். அடுத்து வரும் பாடகர் அதே தரையில் நின்று அந்தக் கத்தலை மீற வேண்டும். தொகுப்பு என்று நாம் வாங்கியது இந்த இரவின் நகல்தான்.

தாளத்துக்கு ஊர் தேவையில்லை என்பதற்கு ‘ஸ்லெங் டெங்’ என்ற ரிடிம் சாட்சி. ஜமைக்க இசைக்காரர் நோயல் டேவியிடம் காசியோ எம்.டி.-40 என்ற கீபோர்டு இருந்தது. 37 சின்னக் கட்டைகள், இடதுபுறம் பேஸுக்கென்று இன்னும் சின்னதாக 15 கட்டைகள். பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் ரகம். அதில் ‘ராக்’ என்று குறித்த இடத்துக்கு விசையைத் தள்ளி ஒரு பொத்தானை அழுத்தினால் டிரம்மும் பேஸும் தாமாக ஓடும். டேவியும் பாடகர் வெய்ன் ஸ்மித்தும் அதைத் தூக்கிக்கொண்டு தயாரிப்பாளர் கிங் ஜாமியின் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார்கள். ஜாமி அந்த ஓட்டத்தின் வேகத்தைக் குறைத்தார். ‘அண்டர் மி ஸ்லெங் டெங்’ பிறந்தது. 1985 பிப்ரவரி 23 அன்று வால்தம் பார்க் சாலையில் பிளாக் ஸ்கார்ப்பியோ சவுண்டுக்கும் ஜாமியின் சவுண்டுக்கும் நடந்த போட்டியில் ஜாமி இதை அவிழ்த்துவிட்டார். எதிராளியிடம் பதிலே இல்லை. அதுவரை ஆட்கள் வாசித்த பேஸை அன்றுமுதல் மின்கருவி வாசிக்கத் தொடங்கியது. வாத்தியக்காரர்கள் பலருக்கு வேலை போனதும் அன்றிலிருந்துதான்; அதையும் சொல்லாமல் இந்தக் கதையைக் கொண்டாடக் கூடாது. அந்த ரிடிமில் நூற்றுக்கணக்கான பாட்டுகள் வந்துவிட்டன.

அந்தத் தாளத்தை எழுதியவர் ஜமைக்கரே அல்ல. 1980-இல் காசியோவில் சேர்ந்த ஒகுடா ஹிரோகோ என்ற ஜப்பானியப் பெண். இசைக் கல்லூரியில் படித்தபோது ரெகே இசையைப் பற்றி ஆய்வேடு எழுதியவர்; 1979-இல் பாப் மார்லி ஜப்பான் வந்தபோது கச்சேரிக்கும் போனவர். ‘ராக்’ என்று பெயர் போட்டுக் கருவிக்குள் வைத்தார், உள்ளே ரெகே ஒளிந்திருந்தது. டோக்கியோவில் ஒருத்தி தீவைக் கேட்டாள். தீவு அவளைத் திருப்பிக் கேட்டது. பல ஆண்டுகள் அவர் பெயர் வெளியே யாருக்கும் தெரியாது. காசியோ யார்மீதும் வழக்குப் போடவில்லை.

வெய்ன் ஸ்மித் பாடியது கஞ்சாவைப் பற்றி. அந்தச் சொல்லும் அந்தச் செடியும் ஜமைக்காவுக்குப் போனது இந்தியாவிலிருந்து. 1845 மே 10 அன்று ‘பிளண்டல்’ என்ற கப்பல் இருநூற்றுச் சொச்சம் பேரோடு ஓல்ட் ஹார்பர் பே கரையை அடைந்தது. அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் போதாமல் வெள்ளைக்காரர்கள் ஒப்பந்தம் போட்டுக் கொண்டுபோன கூட்டம். அடுத்த எழுபது ஆண்டுகளில் 36,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள். பெரும்பாலோர் வடக்கே கங்கைச் சமவெளிக்காரர்கள்; தொடக்கக் காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல் ஏறினார்கள். இன்று ஜமைக்காவில் இந்திய வம்சாவளியினர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் டான்ஸ் நடக்கும் இடத்தில் வேகும் ஆட்டுக்கறிக்குப் போடும் மசாலாவும், தீவில் கொண்டாடும் தீபாவளியும், லெங்கியின் தாளத்துக்கு வாய்த்த பெயரும் அவர்கள் கொண்டுவந்த மூட்டையிலிருந்து விழுந்தவை.

மூட்டையிலிருந்து இன்னொரு சொல்லும் விழுந்தது. ‘திவாலி’ சூடு ஆறும் முன்னே கோர்டெல் ‘ஸ்காட்டா’ பரெல் செய்த ரிடிமின் பெயர் ‘கூலி டான்ஸ்’. அதுவும் கைதட்டல் தாளம்தான். நியூயார்க்கின் நீனா ஸ்கை என்ற இரட்டைச் சகோதரிகள் அதில் பாடிய ‘மூவ் யா பாடி’ 2004-இல் பில்போர்டில் நான்காம் இடம்வரை வந்தது. பிட்புல்லின் ‘கூலோ’வும் அதே தாளம். ‘கூலி’ தமிழ்ச் சொல்லிலிருந்து போனதா, குஜராத்தின் கோலி மக்களின் பெயரிலிருந்து போனதா என்று அகராதிக்காரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நம் ஊரில் அது உழைப்புக்குக் கிடைக்கும் காசு, ரஜினிகாந்த் படத்தின் தலைப்பு. ஜமைக்காவில் அது இந்திய முகம் உள்ளவரைக் குத்திக் கூப்பிடும் சொல். நடன அரங்கில் அதைப் பெயராகச் சூட்டியவர்களுக்கு அதில் வன்மம் இருந்திருக்காது. கேட்கும் தமிழருக்கு ஒரு கணம் உறுத்தவே செய்யும், உறுத்த வேண்டியதுதான்.

டான்ஸ்ஹாலின் பெரிய குரல்களில் ஒன்று சூப்பர் கேட். இயற்பெயர் வில்லியம் மராக். கிங்ஸ்டனில் வளர்ந்த இந்திய வம்சாவளிக்காரர். ‘வைல்ட் அப்பாச்சி’ என்பது பட்டப்பெயர். சீன் பாலின் பாணியில் அவர் சாயல் அப்பட்டமாகத் தெரியும், சீன் பாலே அதை மறைத்ததில்லை. ஆக, தீபாவளி என்ற தாளத்தில் உலகப் புகழ்பெற்ற குரலுக்குப் பின்னால் ஒப்பந்தக் கூலிகளின் வம்சத்துக் குரல் ஒன்று நிற்கிறது. பர்மிங்காமின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்த ஸ்டீவன் கபூர் சூப்பர் கேட்டின் பட்டப்பெயரிலிருந்து எடுத்துத் தனக்கு ‘அப்பாச்சி இண்டியன்’ என்று வைத்துக்கொண்டார். அவரை ஏ.ஆர்.ரஹ்மான் கூட்டிவந்து 1996-இல் ‘லவ் பேர்ட்ஸ்’ படத்தில் ‘நோ ப்ராப்ளம்’ பாட வைத்தார். அன்று அந்தப் பாட்டுக்குக் கல்லூரி விழாவில் ஆடிய தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிங்ஸ்டன் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. சில ஆண்டுகள் கழித்து லண்டனில் மாயா அருள்பிரகாசம் என்ற ஈழத் தமிழ்ப்பெண் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் முதல் பாட்டை வெளியிட்டபோது அதற்கு வைத்த தலைப்பு ‘கலாங்’. அதுவும் ஜமைக்கப் பேச்சு.

இங்கே ஒரு தற்செயல். ‘கெட் பிஸி’ முதலிடம் பிடித்த பில்போர்டு பட்டியலின் தேதி 2003 மே 10. பிளண்டல் கரை சேர்ந்து சரியாக 158 ஆண்டு. யாரும் திட்டமிட்டதல்ல, யாரும் அன்று கவனித்ததாகவும் தெரியவில்லை. தீவில் அந்த நாளை இந்தியர் வருகை நாள் என்று நினைவுகூர்கிறார்கள்.

இத்தனை கைகள் பட்ட பொருளுக்குச் சொந்தக்காரர் யார்? இந்தக் கேள்வி இப்போது அமெரிக்க நீதிமன்றத்தில் நிற்கிறது. கிங் ஜாமியின் கூடத்தில் வேலை பார்த்த இருவர், கீபோர்டு வாசித்த ‘ஸ்டீலி’ என்ற வைக்ளிஃப் ஜான்சனும் டிரம் மெஷின் வாசித்த ‘கிளீவி’ என்ற கிளீவ்லாண்ட் பிரவுனும், 1989-இல் ‘ஃபிஷ் மார்க்கெட்’ என்று ஒரு ரிடிம் செய்தார்கள். அடுத்த ஆண்டு ஷப்பா ராங்க்ஸ் பாடிய ‘டெம் போ’ அந்த அடியிலிருந்து வந்தது. அது பனாமா, நியூயார்க், போர்ட்டோ ரிக்கோ என்று ஊர் ஊராகப் போய் ரெகேடோன் என்ற ஸ்பானிஷ் இசைக்கே நாடித் துடிப்பாகிவிட்டது. ரெகேடோனை ஒரு தடவை கேட்டவருக்கும் அந்த ‘டம்-ப-டம்-டம்’ மறக்காது. ஸ்டீலி 2009-இல் இறந்துபோனார். 2021-இல் கிளீவியும் ஸ்டீலியின் வாரிசுத் தரப்பும் கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள், பாடகர்கள் டாடி யாங்கி, லூயிஸ் ஃபோன்சி உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட எதிர்த்தரப்பினர். தாளத்துக்குக் காப்புரிமை கிடையாது, ஆகவே தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யுங்கள் என்று எதிர்த்தரப்பு கேட்டது. 2024 மே மாதம் நீதிபதி மறுத்துவிட்டார்.

இதில் இரண்டு பக்கமும் சங்கடம் இருக்கிறது. ஜமைக்க இசை முழுக்கவே கைமாற்றில் வளர்ந்தது. கிங்ஸ்டனின் ஸ்டூடியோ ஒன் கூடத்தில் 1967-இல் பதிவான ‘ரியல் ராக்’ ரிடிமை எத்தனை பேர் எத்தனை தடவை திரும்ப வாசித்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. தீவில் நவீனக் காப்புரிமைச் சட்டம் வந்ததே 1993-இல்தான். அப்படி எடுத்து வாழ்ந்தவர்கள் இப்போது கொடுக்க மாட்டோம் என்றால் எப்படி என்று ரெகேடோன்காரர் கேட்டால் சட்டென்று பதில் வராது. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கிங்ஸ்டனுக்குள் ரிடிம் கைமாறியபோது எடுத்தவரும் கொடுத்தவரும் ஒரே தெருவில் இருந்தார்கள். இன்று எடுத்தவர் இசைச் செயலிகளில் பல நூறு கோடித் தடவை ஓடுகிறார். கொடுத்தவர் பெயர் சிறிய எழுத்தில்கூட இல்லை. தாளத்தைப் பூட்டி வைக்கச் சொல்லி நீதிமன்றம் தீர்ப்பளித்தால் அது ரிடிம் மரபுக்கே சமாதி. பங்கு கொடு, பெயரைப் போடு என்று தீர்ப்பளித்தால் நியாயம். ‘திவாலி’ தொகுப்பு அந்த நியாயத்தை நீதிமன்றம் போகாமலே செய்தது. தாளம் தலைப்பில், பாடகர்கள் அதற்குக் கீழே.

டான்ஸ்ஹாலைப் பாராட்டிவிட்டு அதன் அழுக்கைப் பேசாமல் போவது நேர்மையல்ல. தன்பாலினத்தவரைக் கொல்லச் சொல்லும் அளவுக்குப் பாட்டுகள் வந்திருக்கின்றன. லண்டனில் மோபோ இசை விருதுக் குழு 2004-இல் டான்ஸ்ஹால் பாடகர்கள் எலிஃபன்ட் மேன், வைப்ஸ் கார்ட்டெல் இருவரின் பெயரையும் இதற்காகப் பரிந்துரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அது சரியான முடிவு. தாளம் யார் வாயிலும் பேசும், பாடுகிறவர்தான் பொறுப்பு.

‘திவாலி’யை வெளியிட்ட கிரீன்ஸ்லீவ்ஸை 2008-இல் நியூயார்க்கின் வி.பி. ரெக்கார்ட்ஸ் வாங்கிவிட்டது. வி என்பது வின்சென்ட், பி என்பது பட்ரீஷியா. கிங்ஸ்டனில் இசைத்தட்டுக் கடை நடத்தி, பிறகு நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த சின் தம்பதி. இந்திய, சீன வம்சாவளியில் வந்தவர் பட்ரீஷியா. அவர்களும் ‘ரிடிம் டிரைவன்’ என்று ஒரே தாளத் தொகுப்புகளை வரிசையாக வெளியிட்டவர்கள். குறுந்தகடு போய்ச் செயலி வந்தபின் இந்த வகை மெலிந்துவிட்டது. செயலி பாட்டை அடுக்குவது பாடகர் பெயரில். ‘கெட் பிஸி’ முடிந்ததும் சீன் பாலின் இன்னொரு பாட்டைத்தான் அது எடுத்துப் போடும். பக்கத்து வீட்டு வெய்ன் வொண்டரை அதற்குத் தெரியாது. போட்டியில் ஒரே ஒரு பேச்சாளரை மட்டும் திரும்பத் திரும்பப் பேசவிட்டால் யார் ஜெயித்தார் என்று எப்படித் தெரியும்?

கையில் போன் இருப்பவர் ஒரு மாலை வேளையில் இந்த வரிசையைத் தானே கோத்துப் பார்க்கலாம். முதலில் ‘கெட் பிஸி’. அடுத்து ‘பார்ட்டி டைம்’. பிறகு ‘நோ லெட்டிங் கோ’. இங்கே கால் கொஞ்சம் ஓய்வெடுக்கும். அதன்பின் ‘சஃபரர்’. கடைசியில் லூமிடி. அவர் குரல் சுதி விலகுகிறது என்று அன்று விமரிசகர்கள் கேலி செய்தார்கள், விலகத்தான் செய்கிறது. அந்தப் பாட்டில் வாத்தியம் என்று அதிகம் இல்லை. நாலு பாட்டாகப் பின்னால் நின்ற கைதட்டல் ஐந்தாவதில் முன்னே வந்துவிடுகிறது; அந்தப் பெண் அதோடு தனியாக நிற்கிறாள். அதற்குள் கேட்பவரின் விரல் மேசையில் தட்டத் தொடங்கியிருக்கும், இந்தத் தடவை தடுமாறாமல்.